ஊர்த் தூக்கம்

அந்த ஊரில் மழை பெய்யாது, வெயில் மட்டும் வஞ்சனை இல்லாமல் அடிக்கும், அதனால் வெள்ளாமையை நம்பாமல் எல்லாரும் காலண்டரை நம்பினார்கள். ஆடி பிறந்தால் அச்சாபீஸ்களில் அடுத்த வருஷத்துப் படங்கள் மிஷினில் ஏறும், மார்கழி முடியுமட்டும் தெருவெல்லாம் மையும் மண்ணெண்ணெயும் மணக்கும், முருகனும் லட்சுமியும் அருவிக் காட்சியும் கட்டுக்கட்டாக லாரி ஏறும், அடுத்த வருஷம் தைப்பூசம் என்ன கிழமை என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் மட்டும் ஆளாளுக்கு முழிப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், பால்வண்ணன் அண்ணாச்சி அச்சாபீஸில் காலண்டர் தலைக்குத் தகரப்பட்டை அடிக்கிற தங்கபுஷ்பத்தின் புருஷன் குருவலிங்கம், ஊர் மொத்தத்துக்கும் சேர்த்துத் தூங்குகிற வேலைக்குப் போனான்.

சிரிக்காதீர்கள். அங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அந்த ஆடியில் அண்ணாச்சி வெளியூரிலிருந்து ஒருத்தரைக் கூட்டிவந்து, கல்யாண மண்டபத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, வேலை நேரத்தை எப்படிச் சிக்கனமாகச் செலவழிப்பது என்று பாடம் எடுக்க வைத்தார். அந்த வெயிலிலும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்த அந்த மனுஷன் பலகையில் பெரிய வட்டம் ஒன்றைப் போட்டு, இது குளிக்கிற நேரம், இது சாப்பாட்டு நேரம், இது டீக்கடையில் வெட்டிப்பேச்சு என்று கேக்கு வெட்டுகிற மாதிரி வெட்டி வெட்டிக் காட்டி, எதைக் குறைக்கலாம் எதை ஒழிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் மூன்றில் ஒரு பங்கைக் கறுப்பாகத் தீட்டி, "இது தூக்கம், இதுல கை வைக்க முடியாது" என்று விட்டுவிட்டார். அவர் விட்டார், அண்ணாச்சி விடவில்லை. காகிதத்தில் ஊறின மனுஷன், ஓரம் வெட்டின கழிவில்கூட பில் புத்தகம் தைத்து விற்கிறவர், அவருக்கு அந்தக் கறுப்புத் துண்டைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. "இம்புட்டுப் பெரிய துண்டைக் கழிவுல போடுறோமேய்யா" என்று பக்கத்திலிருந்த மேனேஜரிடம் முனகினார்.

குருவலிங்கம் அதே அச்சாபீஸ் குடோனில் காகிதக் கட்டு இறக்குகிறவன். நல்ல உழைப்பாளி, ஆனால் தூக்கத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கட்டையைச் சாய்த்தால் போதும், தலைமாட்டில் மேளம் அடித்தாலும் கேட்காது. "எமன் வந்தாகூட எழுப்பிப் பாத்துட்டு, போய்ட்டு அப்புறமா வாரேன்னு திரும்பிப் போகணும்" என்று தங்கபுஷ்பம் புருஷனை ஊர் முன்னால் கேலி செய்வாள், அவனும் ஈயென்று இளிப்பான். பாடம் நடந்த வாரத்தில் ஒரு மத்தியானம், சோற்றைத் தின்றுவிட்டுக் காகிதக் கட்டின்மேல் அவன் மல்லாந்து கிடந்தபோது, ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துக் கண் சிவந்துபோன மிஷின்மேன் ஜோதிமுத்து அவனைத் தாண்டிப் போகக் குனிந்தவன், தாடை கழன்றுவிடும்போல ஒரு கொட்டாவியை அவன் முகத்துக்கு நேராக விட்டான். குருவலிங்கம் தூக்கத்திலேயே வாயைத் திறந்தான், அந்தக் கொட்டாவியை அப்படியே வாங்கிக்கொண்டான், வாயை மூடித் திரும்பிப் படுத்தான். ஜோதிமுத்துவுக்குக் கண் எரிச்சல் போயிற்று, கழுத்து வலி போயிற்று, குளித்துத் தலை துவட்டி வந்தவன் மாதிரி மிஷினில் நின்று அன்றும் ஓட்டினான், மறுநாளும் ஓட்டினான். குருவலிங்கம் அந்த ரெண்டு நாளும் எழுந்திரிக்கவே இல்லை.

இப்படி ஒன்று நடந்தால் வேறு ஊரில் என்ன செய்வார்களோ தெரியாது. இந்த ஊரில் வரிசை போட்டார்கள். அடுத்து மேனேஜர் வந்து கொட்டாவி விட்டார், அடுத்து கட்டிங் மிஷின்காரர்கள், அடுத்து லாரி டிரைவர்கள், ஒவ்வொருத்தரும் குனிந்து விட்டுவிட்டு முகம் தெளிந்து போனார்கள், அவன் ஒவ்வொன்றையும் வாங்கி வாங்கி உள்ளே போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருந்தான்.

அண்ணாச்சி தங்கபுஷ்பத்தை ரூமுக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அத்தனை வருஷ வேலையில் அவள் அந்த நாற்காலியைத் துடைத்திருக்கிறாள், உட்கார்ந்ததில்லை.

"உன் சம்மதம் இல்லாம ஒண்ணும் செய்ய மாட்டேன் தாயி. சீசன் முடியுற வரைக்கும் அவன் தூங்கட்டும். சம்பளம் அவனுக்கு உண்டு, சாப்பாடு செலவும் இல்ல பாரு."

"எழுந்திருவாருல்ல அண்ணாச்சி?"

"தூங்குறவன் எழுந்திரிக்காம எங்க போவான்? மார்கழி முடியட்டும், அவங்கவங்க தூக்கத்தை அவங்கவங்க திருப்பி எடுத்துக்கிடுவாங்க. சாமி சத்தியம்."

அவள் தலையாட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது; கட்டு சுமந்து முதுகு வளைந்த மனுஷன் இந்த ஒரு சீசனாவது படுத்துக் கிடக்கட்டுமே என்று நினைத்தாள்.

குடோன் நடுவில் கயிற்றுக் கட்டில் போட்டார்கள், மேலே காற்றாடி மாட்டினார்கள், வருகைப் பதிவில் 'பணியில்' என்று எழுதினார்கள். சங்கத்தில் கூட்டம் கூட்டி, தூங்குவது உழைப்பா ஓய்வா என்று விவாதித்து, மற்றவனுக்காகத் தூங்கினால் உழைப்புதான் என்று தீர்மானம் போட்டுக் கை தட்டினார்கள். யாரோ கட்டில் காலுக்குச் சந்தனம் பூசிச் சூடம் கொளுத்தினார்கள், காகிதம் இருக்கிற இடத்தில் நெருப்பா என்று அண்ணாச்சி கத்தி அதை மட்டும் நிறுத்தினார். பிறகு மற்ற அச்சாபீஸ் ஆட்கள் வந்தார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள், பள்ளிக்கூட வாத்தியார் வந்தார், பஞ்சாங்கம் கணிக்கிற ஐயர் தோளில் துண்டைச் சரிசெய்தபடி கூச்சத்தோடு வந்து ஒரு கொட்டாவி விட்டுப் போனார். பாய்க்கடைக்காரர் கடையை மூடிவிட்டு கட்டிங் செக்ஷனில் வேலைக்குச் சேர்ந்தார். தலையணைப் பஞ்சைப் பிரித்து மிஷின் துடைக்கக் கொடுத்தார்கள்.

கிடைத்த நேரத்தை வைத்து என்னவெல்லாமோ செய்யப் போவதாகத்தான் எல்லாரும் சொன்னார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து டேபிளில் தகரம் அடிக்கிற செல்லக்கிளி ஸ்கூட்டர் ஓட்டப் பழகப் போவதாகச் சொன்னாள். ஜோதிமுத்து மகளோடு உட்கார்ந்து தாயம் விளையாடப் போவதாகச் சொன்னான், ஒரு வாரம் விளையாடவும் செய்தான். அதற்குள் எவனோ ஒருவன் சும்மா இருக்கிற நேரத்தில் இன்னொரு ஷிப்ட் பார்த்தான், அவனைப் பார்த்து அடுத்தவன் பார்த்தான், பிறகு பார்க்காதவன் சோம்பேறி என்று ஆகிவிட்டது. தூக்கம் இருந்த இடத்தில் வேலை வந்து காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

தங்கபுஷ்பமும் கொட்டாவி விட்டாள். வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, புருஷன் கைகால் பிடித்துவிடுகிற வேலை என்று மூன்றையும் ஒருத்தி பார்க்க வேண்டியிருந்தது, ஒருநாள் அவன் நகத்தை வெட்டிக்கொண்டே இருக்கையில் தன்னை அறியாமல் அவன் முகத்தில் கொட்டாவி விட்டுவிட்டாள். விட்டதும் உடம்பு பஞ்சாகிப் போனது. அதன்பிறகு தெரிந்தே விட்டாள்.

வந்தது தூக்கம் மட்டும் என்றால் பரவாயில்லை, கூடவே கனவும் வந்தது. குருவலிங்கம் மேனேஜர் குரலில் "அப்பா அடிக்காதீங்கப்பா" என்று அழுதான். டிரைவர் குரலில், ரோட்டில் குறுக்கே வந்த ஆட்டை நினைத்துக் கதறினான். யார் வீட்டிலோ செத்துப்போன சொந்தக்காரர்களின் பெயரைக் கூப்பிட்டான், யாருடைய பொண்டாட்டியின் பெயரையோ கூப்பிட்டான், கூப்பிடக் கூடாத பெயர்கள் ரெண்டு மூன்றையும் கூப்பிட்டான். கட்டில் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணாச்சி ஒரு ரேடியோவை வாங்கித் தலைமாட்டில் சத்தமாக வைத்தார், ஊர் நிம்மதியாயிற்று.

அதைவிடப் பெரிய தொந்தரவு, எப்போதாவது அவனும் கொட்டாவி விடுவான். அந்த நேரம் எதிரே யார் இருந்தாலும் போச்சு, தொற்றிக்கொள்ளும், உள்ளே கிடக்கிற தூக்கத்தில் கொஞ்சம் அந்த ஆளுக்குத் திரும்பிவிடும். கட்டிங் மிஷின்காரர் ஒருத்தர் அப்படித்தான் வாங்கிக்கொண்டு, ஓடுகிற மிஷின்முன் சாய்ந்து, நல்லவேளையாக விரலோடு தப்பினார். அதனால் கட்டில் பக்கத்தில் ஒரு மணி கட்டினார்கள். குருவலிங்கத்தின் மூக்குத் துவாரம் விரிந்து தாடை லேசாக இறங்கினால் காவலுக்கு இருக்கிற ஆள் மணியை அடிப்பான், குடோனில் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். அவன் ஆளில்லாத காற்றில் கொட்டாவி விட்டு, விட்டதைத் தானே திரும்ப இழுத்துக்கொண்டு அடங்குவான். ஆரம்பத்தில் தங்கபுஷ்பமும் திரும்பி நின்றாள். வேறென்ன செய்ய, முடிக்க வேண்டிய கட்டு மலையாகக் கிடந்தது.

இவ்வளவு பேர் தூங்காமல் வேலை பார்த்தால் என்ன ஆகும்? ஐப்பசி பாதியிலேயே காலண்டர் முடிந்துபோனது. கடைசி லாரி கிளம்பியதும் தங்கபுஷ்பம் கை கழுவி, முகம் கழுவி, பூ வாங்கி வைத்துக்கொண்டு அண்ணாச்சி ரூமுக்குப் போனாள்.

"சீசன் முடிஞ்சிருச்சு அண்ணாச்சி. எங்க வீட்டு ஆளை எழுப்பிக் குடுங்க."

அண்ணாச்சி மேஜைமேல் இருந்த படங்களை அவள் பக்கமாகத் தள்ளினார். "அடுத்த வருஷத்துதான் தாயி முடிஞ்சிருக்கு. அதுக்கு அடுத்த வருஷத்துக்கு ஆர்டர் வந்துருச்சு. இவ்வளவு வேகமா அடிக்கிறோம்னு தெரிஞ்சதும் வடக்கேயிருந்துகூடக் கேக்கான். இந்த நேரத்துல அவனை எழுப்புனா நூறு குடும்பம் என்ன ஆகும்?"

"மார்கழின்னு சொன்னீங்களே."

"மார்கழிதான். எந்த மார்கழின்னு சொன்னேனா?"

அட பாவி மனுஷா! அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரும் தூங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது, கண் மட்டும் கழுவின கண்ணாடி மாதிரிப் பளிச்சென்று இருந்தது, அந்தக் கண்ணில் பொய்யும் இல்லை இரக்கமும் இல்லை.

அன்றைக்குத்தான் அவள் புருஷனை உற்றுப் பார்த்தாள். கட்டில் கயிறு தெரிகிற அளவுக்கு உடம்பு வற்றியிருந்தது. மூச்சு போனால் போன இடத்தில் நின்று யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. முகத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாள், காதைத் திருகினாள், மிளகாயைச் சுட்டு மூக்கடியில் காட்டினாள், குடோனே தும்மியது, அவன் தும்மவில்லை. "ஏங்க, எந்திரிங்க, நான் உங்க புஷ்பம்" என்று காதுக்குள் கத்தினாள். அவன் யாரோ ஒரு டிரைவரின் குரலில் ஆட்டைத் திட்டினான்.

"அண்ணன் செத்துருவாரு மதினி" என்றாள் செல்லக்கிளி, சுத்தியலைக் கீழே வைக்காமலே. "இந்தக் கனத்தைத் தூக்கிக்கிட்டு எவன் மேல வர முடியும்? ஆளுக்குக் கொஞ்சம் திருப்பி வாங்கினாத்தான் உண்டு."

"நீ உன்னோடதை வாங்கிக்கிடேன் செல்லக்கிளி."

செல்லக்கிளி தகரத்தைப் பார்த்தாள். "வாங்காம இருப்பேனா? இந்த லோடு போகட்டும்."

தங்கபுஷ்பம் வீடு வீடாகப் போனாள். ஜோதிமுத்து வாசலில் போய் நின்றாள், வாத்தியார் வாசலில் நின்றாள், ஐயர் வாசலில் நின்றாள். "ஒரே ஒரு நாள் வாங்க சாமி, அவர் கொட்டாவி விடும்போது மூஞ்சியைத் திருப்பாம நில்லுங்க, உங்களோடதை மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க, உசிரு போகுது" என்று கும்பிட்டாள். கதவைச் சாத்தின ஆள் ஒருத்தர்கூட இல்லை, அதுதான் கொடுமை. எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள், கண்ணீர்கூட விட்டார்கள், பரீட்சை முடியட்டும், பஞ்சாங்கம் முடியட்டும், லோடு போகட்டும், நாளைக்கு அவசியம் வாரோம் என்றார்கள். ஜோதிமுத்துவின் மகள் மட்டும் தாயக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் வாரேன் அத்தை" என்றது. குழந்தையின் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் வேலைக்கு உட்காரவில்லை. நேராகக் குடோனுக்குப் போய், கட்டிலில் அவன் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, அவன் முகத்தைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொள்வோம், அந்தக் கனம் குறைந்தால் ஒரு தரமாவது கண்ணைத் திறப்பான், திறந்தால் இழுத்துக்கொண்டு ஊரை விட்டே ஓடிவிடலாம் என்பது அவள் கணக்கு. வெயில் ஏறிற்று. மூக்குத் துவாரம் விரிந்தது. மணி அடித்தது. எல்லாரும் வாயைப் பொத்திச் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள், அவள் மட்டும் கண்ணை அகலத் திறந்து அவன் வாயையே பார்த்தாள்.

வந்தது அவளுடையது மட்டுமா? யாருடையது எது என்று பிரித்து வைக்க அது என்ன ரேஷன் கடையா? மேனேஜருடைய அப்பா வந்தார், டிரைவருடைய ஆடு வந்தது, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் பயம் எல்லாம் வந்தது, காலண்டர் வேலை பார்த்த அத்தனை பேரின் இடுப்பு வலியும் முழங்கால் வலியும் வந்தது. மூட்டை மூட்டையாக அவள்மேல் இறங்கி, கை நகர்த்த விடாமல், கண் திறக்க விடாமல், அவளை ஆழத்துக்குக் கொண்டுபோனது. காது மூடவில்லை. தூங்குகிறவருக்குக் காது கேட்கும் என்பது அதுவரை அந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. அப்படியென்றால் இத்தனை நாளும் நான் கத்தினது அவருக்குக் கேட்டிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது, அழ முடியவில்லை.

கட்டில் கிரீச்சிட்டது. "தண்ணி" என்றான் குருவலிங்கம்.

குடோனே ஓடிவந்தது. எழுந்துட்டான், எழுந்துட்டான் என்றார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், கஞ்சி கொடுத்தார்கள், முதுகைத் தட்டினார்கள். அவன் திரும்பிப் பார்த்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவன் அங்கே இருந்துவிட்டு வந்தவன். அவள் காலைக் கட்டிக்கொண்டு, "என் தங்கமே, ஏன் தாயி இப்படிச் செஞ்ச, நான் பழகிட்டேனே" என்று பெருங்குரலெடுத்து அழுதான். அழுது ஓய்ந்தபிறகு காதருகே குனிந்து, "உடம்பு கொஞ்சம் தேறட்டும் புஷ்பம், நாளைக்கு உனக்கு எதிரே வந்து உக்காந்து எல்லாத்தையும் வாங்கிக்கிடுதேன்" என்றான். அவள் சந்தோஷப்பட்டாள், பிறகு வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள், ரெண்டும் அவளுக்குள்ளேயே கிடந்தன.

அண்ணாச்சி வந்து பார்த்தார். வருகைப் பதிவில் கட்டிலுக்கான 'பணியில்' என்பதைக் குருவலிங்கம் பேருக்கு நேரே அடித்துவிட்டுத் தங்கபுஷ்பம் பேருக்கு நேரே எழுதச் சொன்னார். மறுநாளே அவள் முன்னால் வரிசை கட்டினார்கள்.

குருவலிங்கம் தினமும் வந்தான். கட்டு சுமக்கத் தெம்பில்லை என்று அவனை மேற்பார்வைக்குப் போட்டிருந்தார்கள், டீ நேரம் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தேய்த்துவிட்டு, எந்த மிஷின் எந்தப் படம் ஓட்டுகிறது, யார் வீட்டில் விசேஷம் என்று சொல்லிக்கொண்டிருப்பான், போகும்போது நாளைக்கு என்பான். ஒருநாள் அவன் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குள் கொட்டாவி ஒன்று கிளம்பியது. மணி அடித்தது. இதோ வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று அவள் நினைத்தாள், கையை இன்னும் இறுக்கிப் பிடிப்பார் என்று நினைத்தாள். கை விலகியது. ஸ்டூல் தரையில் உராய்ந்து திரும்புகிற சத்தம் கேட்டது. அவள் காற்றில் விட்டு, தானே திரும்ப இழுத்துக்கொண்டாள்.

அவளுக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அந்தக் கோபத்தை அவள் ஊரார் கனவுக்கு நடுவே தனியாக வைத்துக்கொண்டு பல நாள் காத்தாள். ஆனால் அங்கே எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் அவன் ஒருத்தன்தானே, தெரிந்தவன் மறுபடி வர எப்படித் துணிவான் என்று மனசுக்குள் அவளே அவனுக்காகப் பேசவும் செய்தாள். வரும் நேரம் குறைந்தது. கையைத் தேய்ப்பது நின்றது. மேற்பார்வையாளருக்கு நேரம் கிடைப்பது லேசா?

பிறகு ஒருநாள், அதற்கும் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது, செருப்புச் சத்தத்தை வைத்தே அவன்தான் என்று தெரிந்துகொண்டாள். அவன் உட்காரவில்லை. நின்றபடியே ரேடியோ சத்தத்தைக் கூட்டினான். வியர்வையும் மையும் கலந்த வாசனை கிட்டத்தில் வந்தது, அவன் மூச்சு அவள் முகத்தில் பட்டது.

"ரெண்டு நாளா கண்ணு சொருகுது புஷ்பம், லோடு நிக்குது" என்றான். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

அவள் வாய் தானாகத் திறந்தது.